முயலுக்கு ஒரு லைசென்ஸ்

மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவனுக்குத் துப்பாக்கியோடு உள்ள பரிச்சயம் மூன்றே வகை. ஒன்று, தீபாவளிக்கு ரோல் கேப் போட்டுச் சுடுவது. இரண்டு, மெரினாவில் பலூன் சுடுவது. (பலூன்காரர் துப்பாக்கியில் நேராகக் குறி வைத்தால் குண்டு வங்காள விரிகுடாவில்தான் போய் விழும். குழலின் கோணலை அனுசரித்துக் குறி வைக்க வேண்டும்.) மூன்று, தியேட்டரில் ஹீரோ சுடும்போது விசிலடிப்பது.

இந்தத் தகுதிகளோடு ஒரு பி.காம். பட்டமும் வைத்திருக்கிற என்னிடம்தான், போன வருஷம் என் மாமனார் போனில் அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார்.

"மாப்ளே, ஒரு நல்ல துப்பாக்கியாப் பாத்து, லைசென்ஸோட வாங்கிக் குடுங்க."

பிரஷர் குக்கர் கேட்கிற தொனி! கேஸ்கட்டோடு வாங்கிக் கொடுங்கள் என்பது மாதிரி லைசென்ஸோடு.

மாமனாருக்குச் செங்கம் பக்கம் இரண்டரை ஏக்கர் கொல்லை. மல்லாட்டை போடுகிறார். (நீங்களும் நானும் கடலை என்று சொல்லிப் பொட்டலம் வாங்கிக் கொறிக்கிறோமே, அதற்கு அந்தப் பக்கத்துப் பெயர் மல்லாட்டை.) விதை முளைத்து இரண்டு இலை விட்டதும் முயல் வந்து மேய்கிறது. காய் பிடித்ததும் காட்டுப்பன்றி குடும்பத்தோடு வந்து உழுதுவிட்டுப் போகிறது. நரி கடலைக்கு வருவதில்லை. அதன் கண் ஆட்டுக்குட்டி மேலும், கோழி மேலும்.

வணிகவியலில் 'ஸ்லீப்பிங் பார்ட்னர்' என்று ஒரு பாடம் உண்டு. முதல் போடுவார், வேலை செய்ய மாட்டார். மாமனாருக்கு வாய்த்த மூன்று பார்ட்னர்களும் நேர் எதிர். முதல் போடுவதில்லை. ஆனால் ராத்திரி தவறாமல் டியூட்டிக்கு வந்துவிடுகிறார்கள். தூக்கம் போனது மாமனாருக்கு. அறுபத்தேழு வயதில் கயிற்றுக் கட்டிலைக் கொல்லையில் போட்டுக்கொண்டு, ஒரு கையில் டார்ச், ஒரு கையில் தகர டப்பா.

"துப்பாக்கியெல்லாம் எதுக்கு மாமா?" என்று இழுத்தேன்.

"பக்கத்துக் கொல்லைக்காரன் கரண்ட் கம்பி இழுத்துடலாம்ங்கறான், மாப்ளே. எனக்கு மனசு ஒப்பல. ராத்திரி எவனாச்சும் தண்ணி பாய்ச்ச வருவான். மிதிச்சான்னா அவ்ளோதான். கம்பிக்குக் கண்ணு இல்ல. துப்பாக்கின்னா நாம பாத்துச் சுடலாம் இல்ல?"

இதைக் கேட்ட பிறகு சிரிக்க முடியவில்லை. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கத்தில், நிலத்தில் சட்டவிரோதமாகப் போட்ட மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்துப்போன செய்தியும், தாயைச் சுற்றிச் சுற்றி வந்த இரண்டு குட்டிகளின் படமும் ஞாபகத்துக்கு வந்தன. அதே மாதிரிக் கம்பியில் மனிதர்கள் செத்த செய்தி பேப்பரில் மூலையில் நாலு வரியில் வரும். நாம் கிரிக்கெட் ஸ்கோருக்குத் தாண்டிப் போய்விடுவோம்.

சரி, துப்பாக்கிப் படலத்தில் இறங்குவது என்று முடிவு செய்தேன்.

முதலில் அடையாறு. அங்கே என் நண்பன் ஒருவன் இருக்கிறான். வார நாளில் ஆடிட்டர் ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை ரைபிள் சுடும் போட்டி. பத்து மீட்டர் தூரத்தில் காகித அட்டையில் பொட்டு அளவு புள்ளியைக் குறி வைக்கிறவன்.

"என்ன சுடணும்?" என்றான்.

"முயல், நரி. முடிந்தால் பன்றி."

"முயல் எங்கே நிக்கும்?"

"கொல்லையில்."

"அதுக்குப் பின்னாலே என்ன இருக்கும்?"

"இன்னொரு கொல்லை."

"அங்கே?"

"இன்னொரு மாமனார்."

காபி டம்ளரைக் கீழே வைத்தான். "இதுதான்டா துப்பாக்கி வாங்கறதுல முதல் கேள்வி. முயல் எங்கே நிக்குதுங்கறது இல்லே. குண்டு முயலைத் தாண்டிப் போனா எங்கே நிக்கும்ங்கறதுதான்."

அப்புறம் பாடம் நடத்தினான். உங்களுக்கும் சொல்லி வைக்கிறேன், ஆபீஸ் கேன்டீனில் பேச உதவும்.

நாம் எல்லாவற்றையும் துப்பாக்கி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். ரைபிள் என்றால் குழலுக்கு உள்ளே திருகாணி மாதிரி வரி வெட்டியிருப்பார்கள். ஒற்றைக் குண்டு பம்பரமாகச் சுழன்று நேராக, வெகு தூரம் போகும். வெளிநாட்டில் முயலுக்கு என்றே வைத்திருக்கிற சின்னஞ்சிறு பாயின்ட் டூ டூ ரைபிளின் குண்டுகூட, தடுக்க ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு மைலுக்கு மேல் போகும். செங்கம் பக்கத்தில் ஒரு மைலுக்குள் எத்தனை கயிற்றுக் கட்டில் கிடக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, வரி இல்லாத வழவழ குழல். கிராமத்தில் ரெட்டைக் குழல் துப்பாக்கி என்பார்களே, அது. தோட்டாவுக்குள் ஒரு குண்டு இல்லை, கை நிறைய ஈய ரவை. வெளியே வந்ததும் விசிறி மாதிரி விரியும். நாற்பது மீட்டர் வரைதான் வேலைக்கு ஆகும். முயலுக்குப் போடுகிற சின்ன ரவை, இருநூறு முந்நூறு மீட்டருக்குள் களைத்துக் கீழே விழுந்துவிடும். ஆட்கள் நடமாடுகிற இடத்துக்கு ரைபிளைவிட இதுதான் தேவலை.

"அதை ஏன் பன்னிரண்டு போர் என்கிறார்கள்?" என்றேன்.

குழலுக்குள் சரியாக நுழைகிற மாதிரி ஈயக் குண்டு வார்த்தால், ஒரு பவுண்டு ஈயத்துக்குப் பன்னிரண்டு குண்டு வருமாம். கணக்குப் படித்த எனக்கு அன்றைக்குப் புரிந்தது இது ஒன்றுதான்.

"ஏர் கன் வாங்கிக் கொடுத்துவிட்டால்?"

2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகளின்படி, நாலரை மில்லிமீட்டர் குண்டுக்கும் 20 ஜூல் சக்திக்கும் உட்பட்ட ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். அதைத் தாண்டினால் வேண்டும். "வாங்கலாம், அட்டையைச் சுடலாம். காட்டுப்பன்றி மேலே சுட்டா அது கொசு கடிச்சதா நினைச்சுக்கும். அப்புறம் கடிச்சது யாருன்னு பார்க்கத் திரும்பி வரும்" என்றான்.

கிளம்பும்போது, "நரி வேற சுடணும்ங்கறே. எங்க ஏரியாவுலேயே இருக்குடா. தியசாபிகல் சொசைட்டி தோப்புல ராத்திரி ஊளை கேட்கும்" என்றான். கிண்டி தேசியப் பூங்காவிலும் நரிகள் உண்டு. சென்னையின் நடுவே, ஆளுநர் மாளிகைக்குப் பக்கத்து வீட்டில் நரி குடியிருக்கிறது. நமக்குத்தான் வாடகைக்கு இடம் கிடைப்பதில்லை.

அடுத்தது தி. நகர். பனகல் பார்க் பக்கம் மாடியில் ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு வக்கீல். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நீந்திக் கரையேறி அவர் மாடிப்படியை அடைந்தேன்.

"உங்களுக்கா, மாமனாருக்கா?" என்பது அவர் கேள்வி.

"மாமனாருக்கு."

"அப்ப நீங்க எதுக்கு சார் அலையறீங்க? அவர்தான் அலையணும்."

சென்னைவாசிக்கு லைசென்ஸ் கொடுப்பவர் போலீஸ் கமிஷனர். அலுவலகம் வேப்பேரியில். (எழும்பூரில் இருந்த பழைய கமிஷனர் ஆபீஸ், 2021 முதல் போலீஸ் அருங்காட்சியகம்.) மாமனாருக்குத் திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம். என் பெயரில் மயிலாப்பூரில் லைசென்ஸ் வாங்கி, துப்பாக்கியைப் பஸ்ஸில் ஏற்றி மாமனாருக்குச் சீர் அனுப்ப முடியாது. லைசென்ஸ் ஆளுக்குச் சொந்தம். ரேஷன் கார்டு மாதிரி குடும்பத்துக்கு இல்லை.

பிறகு 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தை எடுத்துப் படித்துக் காட்டினார். பயிர்ப் பாதுகாப்பு என்று அதிலேயே இருக்கிறது! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் பயிரைக் காக்க எந்தத் துப்பாக்கி தெரியுமோ? வாய் வழியாக மருந்தைக் கொட்டி, கம்பியால் இடித்து, குண்டைப் போட்டு, மறுபடி இடித்துச் சுடுகிற பழைய ரகம். அது போதாது என்று அதிகாரி கருதினால், வரியில்லாத வேறு குழல் துப்பாக்கிக்கு அனுமதி கொடுக்கலாம். சட்டம் சொல்கிறபடி மாமனார் மருந்து இடித்து முடிப்பதற்குள் முயல் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் போய்விடும்.

இருபத்தோரு வயது ஆகியிருக்க வேண்டும். (மாமனார் பாஸ்.) போட்டோ, முகவரிச் சான்று, துப்பாக்கியைப் பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழி. கையாளத் தெரியும் என்பதற்குப் பயிற்சிச் சான்றிதழ். உடம்பும் மனசும் சரியாக இருக்கிறது என்பதற்கு டாக்டர் சான்றிதழ். இத்தனைக்கும் மேலே போலீஸ் விசாரணை. எல்லாம் கூடி வந்தால் லைசென்ஸ். 2019-இல் திருத்திய பிறகு ஐந்து வருஷத்துக்குச் செல்லும். ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம்.

"சொத்து காட்டணுமா?" என்றேன், இரண்டரை ஏக்கரை நினைத்து.

"அதான் இல்லை. போதுமான சொத்து இல்லேங்கற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாதுன்னு சட்டத்துலேயே இருக்கு. மறுத்தா காரணம் எழுதணும். மேல் முறையீடும் உண்டு." ஏழைக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிற சட்டத்தை நான் பாங்கில்கூடப் பார்த்ததில்லை.

"இதெல்லாம் வேண்டாம், ஊர்ப்பக்கம் நாட்டுத் துப்பாக்கி சும்மா கிடைக்குதேன்னு உங்க மாமனார் நினைச்சா சொல்லிடுங்க. லைசென்ஸ் இல்லாம வெச்சிருந்தா, 2019 திருத்தத்துக்கு அப்புறம் குறைஞ்சது ரெண்டு வருஷம், அதிகபட்சம் அஞ்சு வருஷம்."

குடகு மக்களுக்கு மட்டும் ஒரு யோகம். கொடவர்களுக்கும் அங்குள்ள ஜம்மா நிலக்காரர்களுக்கும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே துப்பாக்கி லைசென்ஸ் விலக்கு. 2019-இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. நாம் ஆயுத பூஜைக்கு ஸ்கூட்டருக்குப் பொட்டு வைப்பது போல, அவர்கள் கைல்போத் பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைக்கிறார்கள். மாமனார் நூற்றுக்கணக்கான மைல் மேற்கே பிறந்திருக்கலாம்!

இன்னொரு விஷயம். தேர்தல் அறிவித்தால், லைசென்ஸ் துப்பாக்கிகளைப் பெரும்பாலும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லிவிடுவார்கள். ரிசல்ட் வந்த பிறகுதான் துப்பாக்கி வீடு திரும்பும். பன்றிக்குத் தேர்தல் விடுமுறை கிடையாது. நடத்தை விதிகளும் பொருந்தாது.

இவ்வளவையும் குறித்துக்கொண்டு நான் எழுந்தபோது வக்கீல் சாவகாசமாகக் கேட்டார்: "சரி, முயலுக்கு லைசென்ஸ் வாங்கிட்டீங்களா?"

"இப்போது பேசியது?"

"அது துப்பாக்கிக்கு. நான் கேட்கறது முயலுக்கு."

உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டு முயல் இருக்கிறது. குள்ளநரி இருக்கிறது. ஊளையிடுகிற நரி இருக்கிறது. காட்டுப்பன்றியும் இருக்கிறது. எதையும் அனுமதியில்லாமல் வேட்டையாடக் கூடாது. உங்கள் நிலத்துக்குள் வந்தாலும் கூடாது, லைசென்ஸ் உள்ள துப்பாக்கியாலும் கூடாது. ஒரு பிராணி பயிருக்கு ஆபத்தாகிவிட்டது என்று தலைமை வன உயிரினக் காப்பாளரோ, அவர் அதிகாரம் கொடுத்தவரோ எழுத்து மூலம் காரணம் சொல்லி உத்தரவு போட்டால்தான் உண்டு. அதுவும் அட்டவணையைப் பொறுத்தது. ஒரு மனித உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்தோடு கொன்றால் குற்றமில்லை. மல்லாட்டையைக் காப்பாற்றக் கொன்றால் குற்றம்.

ஆக, டிரைவிங் லைசென்ஸ் கொடுத்துவிட்டு, ரோட்டில் ஓட்ட வேறு அனுமதி வேண்டும் என்கிற கதை. துப்பாக்கியை வாங்கிச் சுவரில் மாட்டி, எண்ணெய் போட்டுத் துடைத்து, பெருமையாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம். முயலும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் குடியானவன் முயலையும் நரியையும் சுடுகிறானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். ஆஸ்திரேலியாவில் முயல் வந்தேறி. 1859-இல் ஒரு சீமான் வேட்டைப் பொழுதுபோக்குக்காக இங்கிலாந்திலிருந்து இருபத்து நான்கு முயல்களை வரவழைத்துத் தன் எஸ்டேட்டில் விட்டார். அவை கண்டத்தையே மேய்ந்துவிட்டன. நரியும் அதே வேட்டை ஆசையில் கொண்டுபோய் விட்டதுதான். நம் ஊரிலும் அந்த ஆசாமிகள் சும்மா இருக்கவில்லை. ஊட்டியில் இங்கிலீஷ் நரி கிடைக்காததால் நம் ஊர் நரியையே வேட்டை நாய்களோடு குதிரையில் துரத்தினார்கள். ஆனால் நம் முயலும் நரியும் வந்தேறிகள் இல்லை. மாமனாரின் பாட்டனாருக்கு முன்னாலேயே செங்கத்தில் குடியிருந்தவை. நரி எலியைத் தின்கிறது என்பதால் விவசாயிக்குக் கொஞ்சம் உபகாரியும்கூட.

நரி முகத்தில் விழித்தால் நல்லது என்று நம் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. சேலம் வாழப்பாடி பக்கம் பொங்கலுக்கு நரியைப் பிடித்து ஊர்வலம் விடும் 'வங்காநரி' வழக்கத்துக்கே வனத்துறை அபராதம் போடுகிறது. மாமனார் மாதக் கணக்கில் நரி முகத்தில்தான் விழிக்கிறார். யோகம் என்னவோ வரவில்லை.

அன்றைக்கு ராத்திரி போன் போட்டு எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப சட்டப்படி நான் எதைத்தான் சுடலாம், மாப்ளே?"

"வடை சுடலாம், மாமா."

சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு பெருமூச்சும் வந்தது. கம்பி இழுக்கிறவன் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. ஒரு ராத்திரியில் வேலையை முடித்துவிடுகிறான். பழத்துக்குள் வெடி வைக்கிறவனும் படிவம் பூர்த்தி செய்வதில்லை. சட்டப்படி நடக்கிறேன் என்று வந்து நிற்கிற மனுஷனிடம்தான் நாம் இத்தனை சான்றிதழ் கேட்கிறோம். கேட்பது தப்பில்லை. இருட்டில் ஒரு பன்றியும், குனிந்து மடை திருப்புகிற ஒரு மனுஷனும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள் என்று அடையாறு நண்பன் சொன்னது எனக்கு மறக்கவில்லை. சான்றிதழ் கேட்கட்டும். ஆனால் அவருக்கு ஒரு பதிலும் காலத்தோடு வர வேண்டும். மல்லாட்டைக்கு ஆயுசே நாலு மாசத்துக்குள்தான். ஃபைலுக்கு ஆயுசு அதைவிடக் கெட்டி.

வழி இல்லாமல் இல்லை. கேரளாவில் 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே காட்டுப்பன்றியைச் சுட அனுமதி கொடுக்கும் அதிகாரம் தந்தார்கள். லைசென்ஸ் துப்பாக்கி உள்ளவர்களை வைத்துச் சுடலாம். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வேறு மாதிரி முடிவு செய்தார்கள். காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்று கிலோமீட்டரைத் தாண்டினால், கிராமக் குழு பரிந்துரைத்து, பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்களே வந்து சுடலாம். விவசாயி சுடக் கூடாது. முயலும் நரியும் இதில் சேராது.

மாமனார் கொல்லை காட்டிலிருந்து நாலு கிலோமீட்டர். அதாவது பன்றி விஷயத்தில் அவருக்குத் துப்பாக்கியே தேவையில்லை, ஒரு மனு போதும்! பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையிடம் இழப்பீடு கேட்கவும் வழி உண்டு. மனு எழுதுவதில் நான் புலி. சர்வே நம்பர், பயிர், சேதமான பரப்பு, தேதி, போட்டோ எல்லாம் போட்டு, நகல் எடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகரக் கூடாது என்ற எச்சரிக்கையோடு அனுப்பி வைத்தேன்.

முயலுக்கு அடியில் நெருக்கமாக வலை. பன்றிக்கு, ஊர்ப்பக்கம் எல்லோரும் செய்கிற மாதிரி, கொல்லையைச் சுற்றிப் பழைய சேலை கட்டுவது. காற்றில் ஆடுவதைப் பார்த்து ஆள் என்று நினைத்துக் கொஞ்ச நாள் தயங்கும். என் மனைவி பீரோவைத் திறந்து ஒரு மூட்டை கட்டினாள். அத்தனையும் தி. நகரில் ஆடித் தள்ளுபடியில் அவள் ஆசை ஆசையாக வாங்கியவை. அவற்றைக் கட்டிக்கொண்டு அவள் எதிரே நின்றபோதெல்லாம் நான் தயங்கியிருக்கிறேன், பன்றி தயங்காதா என்ன?

லைசென்ஸ் விண்ணப்பத்தை மாமனார் கைவிடவில்லை. "கேட்டு வெக்கிறேன். வந்தா வரட்டும். வராட்டி ஏன் வரலன்னு எழுதிக் குடுக்கட்டும்" என்கிறார். பிடிவாதக்காரர். பெண்ணுக்கும் அதே குணம்.

போன வாரம் போன் வந்தது. மனுவை விசாரிக்க ஆள் வந்து கொல்லையைப் பார்த்துவிட்டுப் போனார்களாம். இன்னும் பன்றி விழவில்லை, பணமும் வரவில்லை. ஆனால் மாமனார் குரலில் ஒரு தெம்பு.

"பக்கத்துக் கொல்லைக்காரன் வந்தான், மாப்ளே. கம்பி வாங்கி வெச்சிருந்தானில்ல... அதைக் கடையிலயே திருப்பிக் குடுத்துட்டான். அவனுக்கும் ஒரு மனு எழுதித் தரணுமாம். சர்வே நம்பர் சொல்றேன், குறிச்சுக்கறீங்களா?"

குறித்துக்கொண்டேன்.